ஒரு தண்டவாளம், இரண்டு சம்பந்திகள்

சம்பந்தியோடு சண்டை போட முடியாது. மனைவியோடு போடலாம், தம்பியோடு போடலாம், குப்பை வண்டிக்காரரோடு கூடப் போடலாம். பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைத் திறந்தால் "வாங்க", "சாப்பிட்டீங்களா", "உடம்பு எப்படியிருக்கு" என்ற மூன்றுக்கு மேல் போகக்கூடாது. அப்படிப்பட்ட உறவில் உள்ள ஒரு மனிதரோடு சேர்ந்து நான் மாதிரி ரயில் விட ஆரம்பித்தேன் என்றால், என் புத்திசாலித்தனத்தை நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு ஊர் அம்பத்தூர் பக்கத்து மேனாம்பேடு. எங்கள் அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது லிஃப்ட் வைத்த அடுக்ககம் நிற்கிறது. நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பில் போட்டே ஓய்வு பெற்றவன். சம்பந்தி ஆவடிக்காரர். அவருடைய அப்பா தெற்கே இருந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். மகனும் அதே தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வு பெற்றதும் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கிக்கொண்டார். குவார்ட்டர்ஸ் மைதானத்தில் வளர்ந்ததால் பேச்சு அசல் மெட்ராஸ் பேச்சு. என்னிடம் மட்டும் மரியாதைக்காக அதை மடித்து உள்ளே வைத்துக்கொள்வார். சந்தோஷம் வந்தால் அது தானாக வெளியே வந்துவிடும். கோபம் வந்தால் பேச்சு மேடைத் தமிழாகிவிடும். இதை நான் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று.

நிச்சயதார்த்தத்தன்று எங்கள் வீட்டு ஷோகேஸில் கொலு பொம்மைகளுக்கு நடுவே ஒரு சாண் நீள டீசல் எஞ்சின் நின்றிருந்தது. பெரியவர்கள் தட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது அவர் என் காதருகே குனிந்தார்.

"அந்த எஞ்சின் ஓடுமா சம்பந்தி? இல்ல சும்மா ஷோவுக்கா?"

"ஓடும்."

"நம்மகிட்டயும் ஒண்ணு கீது" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "இருக்கிறது" என்று திருத்தினார்.

அன்றைக்கு நிச்சயமானது இரண்டு கல்யாணம் என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் பெங்களூருக்குப் போனார்கள். சம்பந்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆவடியில் மின்சார ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கி எங்கள் வீட்டு மாடி அறைக்கு வர ஆரம்பித்தார். அவர் ஃப்ளாட்டில் ரயில் விட இடமில்லை. எங்கள் மாடி அறையில் இடம் இருந்தது. அதாவது, என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இடம்.

மேசையை ஆளுக்குப் பாதி செய்தோம். அவர் பாதியை அவரே ஆவடியில் இழைத்து, மூலை மட்டம் பார்த்துக் கொண்டுவந்தார். என் பாதியை நானே செய்தேன். அதன் ஒரு கால் குட்டை, அடியில் டைல்ஸ் துண்டு கொடுத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து போல்ட் முடுக்கினால் மேலே தண்டவாளம் ஒரு முழு வட்டமாகச் சேரும். பெண் வீட்டுப் பாதியில் ஏறும் ரயில், மாப்பிள்ளை வீட்டுப் பாதி வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்ப வரும். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடும். என் பக்கம் வந்ததும் மாட்டு வண்டி மாதிரி ஒரு குலுக்கல். சம்பந்தி அதைப் பார்த்து, "உங்க பக்கம் ஒரு உயிரோட்டம் இருக்குது" என்பார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

பிரச்சினை மேசையில் இல்லை. ஓட்டுகிற பெட்டியில்.

பழைய காலத்து பொம்மை ரயிலில் குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் மின்சாரம் கூடும், அதன் மேல் நிற்கிற வண்டியெல்லாம் ஓடும். இப்போது டிஜிட்டல். தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் இருக்கும்; அதோடு சேர்ந்து ஒரு செய்தியும் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு எஞ்சின் வயிற்றிலும் ஒரு சின்ன மின்னணுச் சில்லு, அதற்கு ஒரு நம்பர். கல்யாண மண்டபத்தில் மைக்கில், "இந்த நம்பர் கார்க்காரர் வந்து வண்டியைக் கொஞ்சம் எடுங்க" என்று கத்துவார்கள் அல்லவா, அந்த மாதிரி. காதில் எல்லோருக்கும் விழும், எழுந்து போகிறவர் ஒருவர்தான்.

சம்பந்தியிடம் இருந்தது மாப்பிள்ளை வெளிநாட்டுக்குப் போனபோது வாங்கிவந்த கம்பெனிப் பெட்டி. அதிலிருந்து சுருள் வயரில் ஒரு கைப்பிடி தொங்கும், நடுவில் பெரிய குமிழ். என்னுடையது, ரிச்சி தெருவில் சில்லறையாக வாங்கிய போர்டுகளை இணையத்தைப் பார்த்து நானே ஒட்டி, ஸ்வீட் பாக்ஸுக்குள் அடக்கிய சொந்தத் தயாரிப்பு. வைஃபையில் பேசும். கைபேசித் திரையில் விரலை மேலே தள்ளினால் ரயில் போகும், கீழே இழுத்தால் நிற்கும்.

இரண்டு பெட்டியையும் ஒரே தண்டவாளத்தில் ஒரே நேரத்தில் மாட்டக்கூடாது. மாட்டினால் இரண்டும் புகைந்துவிடும். அதனால் காபிக்கு முன்னால் அவர் பெட்டி, காபிக்குப் பின்னால் என் பெட்டி என்று முறை வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் வயரைக் கழற்றி மாட்டினோம்.

முதல் ஞாயிறே கூத்து. இரண்டு எஞ்சினையும் எதிரெதிராக வைத்துவிட்டு, சம்பந்தி தன்னுடையதை மட்டும் ஓட்ட பவ்யமாகக் குமிழைத் திருகினார். இரண்டும் கிளம்பின. ஒன்றையொன்று நோக்கி, ரொம்ப நாள் கழித்துப் பார்த்த சொந்தக்காரர்கள் மாதிரி வந்து முட்டிக்கொண்டன. கடையில் புதிதாக வாங்கும் எல்லாச் சில்லுக்கும் மூன்று என்றுதான் நம்பர் போட்டு வருமாம். மாற்றிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

"என்னுதை மாத்திக்கறேன்" என்றேன்.

"சேச்சே, நான் மாத்திக்கறேன் சம்பந்தி, நீங்க பொண்ணு குடுத்தவங்க."

"நீங்க எடுத்தவங்க."

இப்படி மரியாதை செய்துகொண்டே இரண்டு பேரும் தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து மாற்றிவிட்டோம். அடுத்த ஞாயிறு பார்த்தால் இரண்டும் நான்கு.

அவருக்கு என் கைபேசிமேல் நம்பிக்கையே கிடையாது. காரணம் இருந்தது. ஒருமுறை நான் வேகத்தைக் கூட்டிய நேரம் பார்த்து, "சார், பர்சனல் லோன் வேணுமா" என்று ஒரு பெண்மணி கூப்பிட்டார். திரை முழுக்க அந்த அழைப்பு. என் எஞ்சின் வளைவில் பாய்ந்து, மேசை விளிம்பைத் தாண்டி, மனைவி காயவைத்திருந்த வடகத்தட்டில் போய் இறங்கியது.

"குமிழுக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்க சம்பந்தி" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். நானும் விடவில்லை. அவருடைய சுருள் வயர் நீளம் போதாமல், வண்டியோடு கூடவே நடக்க முடியாமல் அவர் எட்டிக்கொண்டு நிற்கும்போது, "பசு மாட்டை முளையில கட்டின மாதிரி இருக்கீங்க" என்றேன். சிரித்தார். உண்மையிலேயே சிரித்தார். இப்படித்தான் வருஷம் ஓடியது. என் ஓய்வுக்கால வாரத்தில் ஒரு நாள்தான் நான் தலைவாரிக்கொள்கிறேன் என்பதை என் மனைவி கவனித்திருந்தாள்.

போன ஆயுத பூஜைக்குத்தான் வினை வந்தது.

சம்பந்தியின் தொழிற்சாலையில் ஆயுத பூஜை என்றால் லேத் மெஷினிலிருந்து ஸ்பேனர் வரை பொட்டு வைக்காமல் விடமாட்டார்களாம். "இதுவும் ஆயுதந்தான் சம்பந்தி, பூஜை போடாம ஓட்டறது தப்பு" என்று காலையிலேயே பூசணிக்காயோடு வந்துவிட்டார். முந்தின நாள்தான் நாங்கள் தண்டவாளம் முழுவதையும் பளபளவென்று துடைத்துவைத்திருந்தோம். பொட்டு வைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இந்த மாதிரி விஷயத்தில் எனக்குக் கை தாராளம். எஞ்சின் நெற்றியில் சந்தனம், பெட்டிகளில் சந்தனம், இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கும் பாரபட்சமில்லாமல் சந்தனம். மிச்சம் நிறைய இருந்ததால் தண்டவாளத்திலும் சாணுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே ஒரு முழுச் சுற்று வந்தேன். சம்பந்தி அதன் மேல் குங்குமம் வைத்துக்கொண்டே பின்னால் வந்தார். சாமி ஊர்வலம் மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழத்தை எஞ்சின் ஏறி நசுக்காது என்பதால் அவரே காலால் நசுக்கினார். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பொரி சாப்பிட்டோம். புனிதமான நாள்.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். தண்டவாளத்தில் பொட்டு ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. அவர் பெட்டியை மாட்டினோம். எஞ்சின் இரண்டு அடி போய் நின்றது. விளக்கு மினுக்கியது. திரும்பப் போனது, நின்றது, விக்கியது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "காபிக்கு அப்புறம் என் பெட்டில பார்ப்போம், வைஃபைல இந்தத் தொல்லையே இருக்காது" என்றேன்.

காபிக்கு அப்புறம் என் பெட்டி. அதே விக்கல். கூடுதலாக, என் எஞ்சின் ஹாரனும் பாதியில் அறுந்து ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி கத்தியது.

"நெட்வொர்க் கட்டாவுது போலக் கீதே" என்றார் சம்பந்தி.

"நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு. உங்க பெட்டியில ஏதோ ஆகி, அது நம்ம எஞ்சின் சில்லையும் கெடுத்துட்டிருக்கும்."

"என் பெட்டி கம்பெனிப் பொருள்."

"அதாங்க, கம்பெனிப் பொருளைப் பிரிச்சுப் பார்க்க முடியாது. நான் செஞ்சது எனக்கு அக்குவேறு ஆணிவேறாத் தெரியும்."

"ஸ்வீட் பாக்ஸுல என்னாத்த அக்கு, என்னாத்த ஆணி?"

இதில் நானும் சிரித்திருக்கலாம். எனக்கு என் ஸ்வீட் பாக்ஸ்மேல் அபிமானம் அதிகம். "ஸ்வீட் பாக்ஸா இருந்தாலும் இவ்வளவு நாள் ஓடுச்சு. உங்க பெட்டியை ஒரே தண்டவாளத்துல மாத்தி மாத்திப் போட்டதாலதான் இவ்வளவும்" என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியிடம். பெண்ணைக் கொடுத்த இடத்தில்.

அவர் கைப்பிடி வயரை மெதுவாகச் சுற்றினார். பிறகு பேசினார். மேடைத் தமிழில்.

"தாங்கள் சொல்வது நியாயம்தான். ஒரே இடத்தில் இரண்டு விதப் பெட்டி சரிப்பட்டு வராது. அடுத்த ஞாயிறு வண்டி கொண்டுவந்து என்னுடைய பாதியை எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கும் இடம் மிச்சமாகும்."

"சம்பந்தி, நான் அப்படிச் சொல்லல..."

"மனதில் ஒன்றும் இல்லை. சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடுங்கள்."

படியிறங்கிப் போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

அவர் அந்தப் பாதியை எடுத்துப்போய் எங்கே வைப்பார் என்று எனக்குத் தெரியும். ஃப்ளாட்டில் பரண். பரணுக்குப் போன பொருள் திரும்ப இறங்கி நான் பார்த்ததில்லை. என்னிடம் மிஞ்சப்போவது அரை வட்டம். அரை வட்டத்தில் ரயில் எங்கே போகும்? சுவரில் போய் முட்டும். அது கூடப் பரவாயில்லை, தண்டவாளம் வாங்கி நானே மூடிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள்? இந்த வயசில் புதிதாக ஒரு சிநேகிதனை எந்தக் கடையில் வாங்குவது? இதைத்தான் அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்காத நேரத்தில் ஸ்வீட் பாக்ஸைப் பிரித்துச் சேர்த்தேன், வைஃபை பெட்டியை மாற்றிவைத்தேன், மென்பொருளைப் புதுப்பித்தேன். ஒன்றும் தேறவில்லை.

பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். "ஏம்ப்பா, ரெண்டு பேரும் யூகேஜியா? அங்க மாமா அந்தாண்ட திரும்பி உக்காந்துகினு டிவி பார்க்கறாராம். அத்தை போன் பண்ணி அழாத குறை. ஒரு சாரி சொல்ல முடியாதா?"

"எதுக்கும்மா சாரி? டெக்னிக்கலா நான் சொன்னது..."

"ப்பா."

"சொல்றேன்."

சொல்லவில்லை. போனை எடுத்தேன், வைத்தேன். சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த மூன்று வாக்கியத்தில் இடமே இல்லை.

ஞாயிறு காலை வாசலில் ஒரு குட்டி யானை வந்து நின்றது. எங்கள் பக்கம் சாமான் ஏற்றுகிற அந்தச் சின்ன லாரிக்கு அதுதான் பெயர். டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து சம்பந்தி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். "வணக்கம். நலமா?" என்றார்.

டிரைவர் எங்களுக்கு முன்னால் மாடிக்கு ஏறிவிட்டார். "இன்னா நைனா, ரெயிலு ஏத்தணும்னாரு, நானும் இரும்புக் கம்பியா கீதோன்னு கயிறெல்லாம் எத்துகினு வந்தேன். இதுவா? இது ஓடுமா?"

சம்பந்தி மேசை போல்ட்டைக் கழற்றக் குனிந்தார்.

"ஏத்தறதுக்கு மின்னாடி ஒரு தபா ஓட்டிக் காட்டு நைனா. ஊட்ல போய்ச் சொல்லிக்குவேன்."

சம்பந்தி என்னைப் பார்த்தார். "உங்கள் பெட்டியிலேயே ஓட்டுங்கள்."

"இல்ல, உங்க பெட்டியில ஓட்டுங்க."

"இதுல என்னாத்துக்கு ஏலம் எடுக்கறீங்க? எதுனா ஒண்ணுல வுடு" என்றார் டிரைவர்.

அவர் பெட்டியை மாட்டினேன். சம்பந்தி குமிழைத் திருகினார். எஞ்சின் விக்கியது, நின்றது, மினுக்கியது. டிரைவர் உச்சுக்கொட்டினார். "பெட்ரோல் தீந்துட்ச்சா?"

அந்த நேரம் என் மனைவி காபித் தட்டோடு வந்தாள். எஞ்சினைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு சொன்னாள்: "இன்னுமா ஓடல? பூஜைக்கு மறுநாள் நான்தானே சந்தனத்தையெல்லாம் ஈரத்துணியால தொடைச்சு, துருப்பிடிக்கக் கூடாதுன்னு தேங்காயெண்ணெய் வேற போட்டேன். ஜன்னல் கம்பிக்குப் போடற மாதிரி சுத்தி வளைச்சுப் போட்டேங்க. அதுக்கப்புறம் இன்னும் நல்லா வழுக்கிக்கிட்டு இல்ல ஓடணும்?"

சம்பந்தி மெல்லக் குனிந்து தண்டவாளத்தில் விரலை வைத்து இழுத்தார். விரலை மூக்கில் வைத்தார். என்னிடம் நீட்டினார். கோயில் வாசனை.

மாதிரி ரயில் விடுகிற எவனும் படிக்கிற முதல் பாடம், வண்டி விக்கினால் தண்டவாளத்தைத் துடை என்பது. எண்ணெயும் சந்தனமும் குழைந்து பூசிய கம்பி வழியாக மின்சாரம் சக்கரத்துக்கு எப்படி ஏறும்? இரண்டு மேதைகளும் ஒரு வாரம் மின்னணுவியலில் மூழ்கியிருந்தோம்.

நான் சர்க்கரைக்காரன். ஊசிக்கு வைத்திருக்கும் ஸ்பிரிட்டையும் பஞ்சையும் எடுத்துவந்தேன். அவர் அந்தக் கடைசியிலிருந்து, நான் இந்தக் கடைசியிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தோம். பஞ்செல்லாம் பழுப்பு. சக்கரங்களையும் ஸ்பிரிட் துணிமேல் உருட்டினோம். நடுவில் எங்கள் கைகள் சந்தித்த இடத்தில் அவர் நிமிராமலே கேட்டார்.

"சாணுக்கு ஒரு பொட்டு வெச்சது யாரு சம்பந்தி?"

"சந்தனம் நான். குங்குமம் நீங்க."

"ஆமா இல்ல" என்றார். தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்துவிட்டார். "இன்னா ஜென்மம் சார் நம்பளுது!"

"ஸ்வீட் பாக்ஸைப் பத்தி நீங்க சொன்னதுல தப்பில்லை சம்பந்தி. நான்தான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்" என்றேன். மூன்று வாக்கியத்துக்கு வெளியே நான் அவரிடம் கேட்ட முதல் மன்னிப்பு.

"அத்த வுடுங்க. வண்டிய வுடுங்க."

அவர் பெட்டியில் சுற்றியது. என் பெட்டியில் சுற்றியது. விக்கல் இல்லை. ஆட்டுக்குட்டி மறுபடி எஞ்சினானது. டிரைவர் எங்கள் இரண்டு பேரைவிட அதிகமாகக் கைதட்டினார். அவரிடம் என் கைபேசியைக் கொடுத்தேன். விரலைத் தள்ளித் தள்ளி இரண்டு சுற்று விட்டார். சம்பந்தியின் குமிழையும் பிடித்துப் பார்த்தார்.

"எது நல்லா கீது?" என்று நான் கேட்டேன். ஆசை யாரை விட்டது.

"ரெண்டும் ஓட்ற வண்டி ஒண்ணுதானே நைனா. இதுக்கா சண்டை?" என்றார். அப்புறம் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, "சரி, அப்ப இன்னாத்த ஏத்தறது? சும்மாவா வந்தேன்?"

சம்பந்தி தாடையைச் சொறிந்தார். அவர் இதுவரை என்னிடம் காட்டாத ஒரு முகம் அது, திருட்டு மாங்காய் தின்றவன் முகம்.

"அது வந்து சம்பந்தி... ஊட்ல ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேன். இன்னொரு பலகை. கூட்ஸ் வண்டி நிக்க நாலு தண்டவாளம், ஒரு சின்ன ஸ்டேஷன். பரண்ல கீது. தீபாவளிக்குக் கொண்டாரலாம்னு இருந்தேன். அதுக்குள்ளதான் நம்ப..."

"பரண்லயா?"

"ஆமா. இந்த வாரம் ஃபுல்லா அதைப் பார்த்துகினே டிவி பார்த்துகினு இருந்தேன்."

டிரைவர் சாவியைச் சுழற்றினார். "அப்ப ஏறுங்க, ஆவடி போய் வரலாம்."

மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு போனோம். வழியில் ஒரு மின்சாமான் கடையில் சம்பந்தி வண்டியை நிறுத்தச் சொல்லி, ஜெனரேட்டருக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவில் போடுகிற அந்த மாற்று சுவிட்ச் ஒன்று வாங்கினார். மேலே தள்ளினால் அவர் பெட்டி, கீழே தள்ளினால் என் பெட்டி, நடுவில் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே கிடையாது. இவ்வளவு நாளும் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கடைக்காரர் கேட்கவில்லை.

சம்பந்தியம்மா எங்களைச் சேர்ந்தாற்போலப் பார்த்ததும் உள்ளே போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பரணிலிருந்து பலகை இறங்கியது. நல்ல வேலைப்பாடு. நடைமேடைக்குச் சின்னதாகக் கூரையெல்லாம் போட்டு, பெயர்ப்பலகையை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். "பேர் நீங்க வெக்கணும்னு" என்றார்.

அதை எங்கள் மாடிக்கு ஏற்றும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலே சம்பந்தி, கீழே நான், நடுவில் கூட்ஸ் யார்டு. அவர் இந்தப் பக்கம் சாய்க்கச் சொல்கிறார், நான் அந்தப் பக்கம் சாய்க்கிறேன். டிரைவர் இரண்டு பேரையும் திட்டுகிறார். மேலே என் மனைவியின் குரல், யாரிடம் என்றில்லாமல் பொதுவாகக் கேட்டது.

"இதையும் வெச்சா நான் துணியை எங்கங்க காயப்போடறது?"

"ஸ்டேஷன் கூரைல போடுங்க சம்பந்தியம்மா" என்றார் அவர். "கர்ச்சீப் வரைக்கும் தாங்கும்."